ரை கூடர்: ‘பாரிஸ், டெக்சாஸ்’ வாங்கலாமா, ‘எ மீட்டிங் பை தி ரிவர்’ வாங்கலாமா?

இரண்டும் அமெரிக்க கிட்டார் கலைஞர் ரை கூடரின் ஆல்பங்கள். ரோலிங் ஸ்டோன்ஸின் ‘சிஸ்டர் மார்ஃபின்’ பாட்டில் ஸ்லைடு (விரலில் மாட்டிய குழாயைத் தந்தியில் வழுக்கி வாசிப்பது) வாசித்த அதே கைதான் இரண்டிலும். ஒன்று, 1984இல் வந்த விம் வெண்டர்ஸ் படத்தின் பின்னணி இசை. மற்றது, மோகன வீணைக் கலைஞர் விஷ்வ மோகன் பட்டுடன் சேர்ந்து வாசித்து 1993இல் வெளியானது. கிராமி வாங்கியதும் இதுதான். என் ஓட்டு இதற்கே.

கிட்டார் பழகுகிறவர்களுக்கு ‘பாரிஸ், டெக்சாஸ்’ நல்ல வாசல். அதன் முகப்பிசைக்கு வேர், அமெரிக்க ஸ்லைடு கிட்டார் பாடகர் பிளைண்ட் வில்லி ஜான்சன் 1927இல் பதிந்த ‘டார்க் வாஸ் தி நைட்’. ஓப்பன் டி சுருதியில் (எந்தத் தந்தியையும் அழுத்தாமல் மீட்டினாலே டி மேஜர் ஒலிக்கும்) வாசித்துப் பாருங்கள்: 1, 6 தந்திகளை டிக்கும், 2ஐ ஏக்கும், 3ஐ எஃப் ஷார்ப்புக்கும் இறக்கினால் போதும். ஸ்லைடு, கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃபிரெட் கம்பிக்கு நேர் மேலே நிற்க வேண்டும். கொஞ்சம் பின்தங்கினாலும் சுருதி இறங்கிவிடும். ஸ்லைடுக்குப் பின்னால் ஒரு விரல் தந்தியை லேசாகத் தொட்டபடி வராவிட்டால் கரகரப்பு. சுருதி இறக்கியதும் மெல்லிய தந்தி தொய்ந்து ஃபிரெட்டில் இடிக்கும். 13 கேஜ் செட் (தடித்த தந்திகள்) மாட்டுங்கள்.

ஆனால் இந்த ஆல்பத்தில் எல்லாமே படத்தின் காட்சிக்கு அளந்து வெட்டிய துண்டுகள். ‘ஐ நியூ தீஸ் பீப்பிள்’ கிட்டத்தட்ட 9 நிமிடம், பெரும்பகுதி வசனம். முதல் தடவை சிலிர்க்கும். பத்தாவது தடவை கை தானாகத் தாண்டிவிடும்.

‘மீட்டிங்’ ஜெயிப்பது ஒலிப்பதிவில். 1992 செப்டம்பர், சாண்டா பார்பராவில் ஒரு தேவாலயம். மோகன வீணை (கிட்டாரை மாற்றியமைத்த, ஸ்லைடால் வாசிக்கும் வாத்தியம்), ஸ்லைடு கிட்டார், தபலா, கூடரின் மகன் யோவாக்கிம் வாசிக்கும் டும்பெக் (கோப்பை வடிவ மேளம்). பதிந்தவர் இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர். பிளம்லைன் முறை: முன்னும் பின்னும் ஒரேபோல் கேட்கும் இரண்டு மைக், ஒன்றின்மேல் ஒன்றாக, 90 பாகை திருப்பி. ஆளுக்கொரு மைக் இல்லாததால், அடங்கிப்போனவரைப் பிறகு மிக்ஸிங்கில் தூக்கிவிட முடியாது. ஒருவர் ஒதுங்கினால்தான் மற்றவருக்கு இடம். இதிலுள்ள ‘கேஞ்சஸ் டெல்டா புளூஸ்’ என்ன வேகமெடுத்தாலும் முட்டல் மோதல் இல்லாததற்கு இதுவும் காரணம் என்பேன். மைக்கின் பின்பக்கம் மண்டபத்தின் எதிரொலியை வாங்குகிறது. வீணையின் ஒத்ததிர்வுத் தந்திகள் (மீட்டாமலே மற்ற தந்திகளோடு சேர்ந்து அதிர்பவை) மெல்ல அடங்குவது அதில்தான் கேட்கும். மட்டமான எம்பி3 முதலில் தின்பதும் அதைத்தான். ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, உங்களோடு சேர்த்துச் சம முக்கோணமாக வையுங்கள். செல்போனில் கேட்டுவிட்டு ‘என்ன பெரிசா இருக்கு?’ என்று கேட்காதீர்கள்.

ராக இலக்கணத்தில் கறாரானவர்களுக்கு இது சுகப்படாமல் போகலாம். பேஸ், டிரம்ஸ் இல்லாமல் முடியாது என்பவர்கள், மாலி நாட்டு கிட்டார் கலைஞர் அலி ஃபர்கா டூரேயுடன் கூடர் செய்த ‘டாக்கிங் டிம்பக்டு’ (1994) பக்கம் போகலாம்.