60 வோல்ட் கண்ட்ரோலருக்கு எந்த பேட்டரி, எந்த மோட்டார்?

எலெக்ட்ரிக் ஸ்கேட்போர்டு கட்ட உட்காருகிறவர்கள் பெரும்பாலும் மோட்டாரில்தான் முதலில் கை வைக்கிறார்கள். 6374 சைஸ் (63 மில்லிமீட்டர் விட்டம், 74 நீளம்), 190 கேவி, விலை கட்டுப்படி, உடனே ஆர்டர். பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு அளந்து கொடுக்கும் கண்ட்ரோலரும், பேட்டரியும் அதற்கப்புறம் வருகிற தலைவலி. என்னைக் கேட்டால் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். எத்தனை வோல்ட் வரை போகலாம் என்று முடிவு செய்வது கண்ட்ரோலர். அதற்குள் அடங்கும் பேட்டரியைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் கேவியைப் பற்றிப் பேசவே முடியும். (இந்த கேவி கிலோவோல்ட் அல்ல, ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு.)

ஸ்வீடன்காரரான பெஞ்சமின் வெட்டர் திறந்த மூலமாக வெளியிட்ட வெஸ்க் கண்ட்ரோலரையே எடுத்துக்கொள்வோம். அதன் 4 வரிசை மாடல்களுக்கும் 6 வரிசை மாடல்களுக்கும் உச்சம் 60 வோல்ட். லித்தியம் அயான் செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட், ஓட்டத்தில் சராசரி 3.6. ஆக 6எஸ் பேக், அதாவது ஆறு செல்லைத் தொடராகக் கோர்த்தது, 25.2 வரை போகும், 10எஸ் 42 வரை, 12எஸ் 50.4 வரை. 14எஸ் 58.8-ஐத் தொடும். காகிதத்தில் அதுவும் 60-க்குள்தான், ஆனால் பிரேக் பிடிக்கும்போதும் நீளமான பேட்டரி ஒயரிலும் எழும் வோல்ட் துள்ளலுக்கு அங்கே இடமே இல்லை. போட்டி மற்ற மூன்றுக்குள்தான்.

6எஸ் பக்கம் பலர் போவதற்குக் காரணம், ரிமோட்டில் ஓடும் ஆர்சி காரின் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேக்கும் சார்ஜரும் ஏற்கெனவே வீட்டில் இருப்பது. நியாயம்தான். ஆனால் மேடேற 1,500 வாட் தேவைப்பட்டால் 6எஸ் பேக்கிலிருந்து சுமார் 70 ஆம்ப் இழுக்க வேண்டும். 12எஸ் என்றால் 35 போதும். ஆம்ப் இரண்டு மடங்கானால் ஒயரிலும் கனெக்டரிலும் சூடு நான்கு மடங்கு. வேகத்துக்காக 270 கேவி மோட்டார் போட்டாக வேண்டும், அப்போது மோட்டார் பக்க ஆம்பும் ஏறி, கண்ட்ரோலருக்குள் சுவிட்ச் வேலை பார்க்கும் மாஸ்ஃபெட்கள் கொதிக்கும். பிள்ளைகள் ஓட்டும் சிறு போர்டுக்கு, சமதரைக்கு, சரி. மற்றபடி நான் சொல்ல மாட்டேன்.

உண்மையான சண்டை 10எஸ்ஸுக்கும் 12எஸ்ஸுக்கும் நடுவில்தான். 12எஸ் போட்டால் அதிக தூரம் போகும் என்பார்கள். 60 செல்லை எடுங்கள், ஒவ்வொன்றும் 3,000 மில்லிஆம்ப் அவர். 10எஸ்6பி ஆக, அதாவது ஆறாறு செல்லாகப் பக்கம்பக்கமாக இணைத்த 10 குழுக்களைத் தொடராகக் கட்டினால், 36 வோல்ட், 18 ஆம்ப் அவர். 12எஸ்5பி ஆகக் கட்டினால் 43.2 வோல்ட், 15 ஆம்ப் அவர். இரண்டும் 648 வாட் அவர்தான். தூரத்தைத் தருவது செல்களின் எண்ணிக்கை. 12எஸ்ஸின் லாபம் வேறிடத்தில்: அதே சக்திக்கு ஆம்ப் குறைவு, கண்ட்ரோலர் குளிர்ச்சியாக இருக்கும், பேட்டரி பாதி இறங்கிய பிறகும் வேகத்தில் மிச்சம் இருக்கும்.

அந்த லாபத்தைக் கெடுப்பது பொருந்தாத கேவி. இந்த மோட்டார்களில் பெரும்பாலும் 14 காந்தம், அதாவது 7 ஜோடி. கேவியை முழு வோல்ட்டாலும் 7-ஆலும் பெருக்கினால் ஈஆர்பிஎம் வரும், அதாவது நிமிடத்துக்கு எத்தனை மின்சுற்று என்ற கணக்கு. வெஸ்க் 4 வரிசையில் 60,000 ஈஆர்பிஎம்மைத் தாண்டாமல் கட்டுவது வழக்கம். தாண்டினால் மாஸ்ஃபெட்களை இயக்கும் கேட் டிரைவர் சில்லு போகும் ஆபத்து. 10எஸ்ஸில் 190 கேவி 55,860 தருகிறது, தப்பித்தோம். அதே மோட்டாரை 12எஸ்ஸில் மாட்டினால் 67,032. 170 கேவி என்றால் 59,976, மயிரிழை. 150 கேவி என்றால் 52,920, நிம்மதி. 6 வரிசையில் இந்த நெருக்கடி குறைவு, ஆனால் வேகக் கணக்கு அங்கேயும் துரத்தும். 83 மில்லிமீட்டர் சக்கரம், மோட்டாரில் 15 பல்லும் சக்கரத்தில் 36 பல்லும் உள்ள புல்லி என்று வைத்தால், செல்லுக்கு சராசரி 3.6 வோல்ட்டில், பாரமில்லாத கணக்கில் 10எஸ் 190 கேவி மணிக்கு சுமார் 45 கிலோமீட்டர், 12எஸ் 150 கேவி 42, 12எஸ் 190 கேவி 54. ஆள் ஏறி நின்றால் இதில் கொஞ்சம் குறையும். குறைந்தாலும், நான்கு சிறு சக்கரத்தில் 54 எதற்கு?

கேவி குறைந்தால் இழுவை கூடும் என்ற பேச்சும் பாதி உண்மைதான். ஒரு ஆம்புக்கு 190 கேவி மோட்டார் சுமார் 0.05 நியூட்டன் மீட்டர் முறுக்கு தரும், 150 கேவி 0.064 தரும். ஆனால் அதே கூட்டுக்குள் கேவியைக் குறைக்க மெல்லிய கம்பியை அதிகச் சுற்று சுற்றியிருப்பார்கள், மின்தடையும் கூடியிருக்கும். ஒரே இழுவைக்கு மோட்டாருக்குள் எழும் சூடு ஏறக்குறைய ஒன்றேதான். பலன் கண்ட்ரோலருக்கும் ஒயருக்கும்.

இறக்கத்தையும் பார்க்க வேண்டும். மலை உச்சியில் வீடு, காலையில் முழு சார்ஜ், வாசலிலிருந்தே இறக்கம் என்றால் பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் நிறைந்த பேட்டரிக்குள் திரும்பித் திணிக்கப்படும். பேட்டரிக்கும் கண்ட்ரோலருக்கும் நடுவில் பிஎம்எஸ் (செல்களைக் காக்கும் பேட்டரி பாதுகாப்பு போர்டு) இருந்து அது திடீரென்று வெட்டிவிட்டால் பிரேக்கும் போகும், வோல்ட் எகிறி கண்ட்ரோலரும் போகும். அதனால்தான் பலர் பிஎம்எஸ்ஸை சார்ஜ் பக்கத்துக்கு மட்டும் வைத்துவிட்டு, பிரேக் ஆம்பை வெஸ்க் டூல் என்ற அமைப்பு மென்பொருளில் கட்டுப்படுத்துகிறார்கள். இந்த விஷயத்தில் 42 வோல்ட்டில் நிற்கும் 10எஸ்ஸுக்கு 18 வோல்ட் இடைவெளி, 12எஸ்ஸுக்கு 9.6 மட்டும்.

முதல் போர்டு, சமதரை ஊர் என்றால் 10எஸ்ஸும் 190 கேவியும். மேடு அதிகம், ஆள் கனம், இரட்டை மோட்டார் என்றால் 12எஸ்ஸும் 150-ஐ ஒட்டிய கேவியும். 190 கேவி ஏற்கெனவே கையில் இருக்கிறது என்பதற்காக 12எஸ் பேக் கட்டாதீர்கள்.

சார்ஜர் விஷயம் ஒன்று பாக்கி. 36 வோல்ட் ஈ-சைக்கிள்களுக்கு வரும் 42 வோல்ட் சார்ஜர் 10எஸ்ஸுக்கு அப்படியே பொருந்தும், தேடி அலைய வேண்டாம். 48 வோல்ட் ஈ-சைக்கிள் பேட்டரிகள் பெரும்பாலும் 13எஸ். அவற்றின் சார்ஜர் 54.6 வோல்ட். பிளக் ஒன்றுபோல இருக்கிறதே என்று அதை 12எஸ்ஸில் சொருகினால் ஒவ்வொரு செல்லுக்கும் 4.55 வோல்ட்டை நோக்கி ஏறும். இடையில் நிற்பது பிஎம்எஸ் மட்டும்தான். 12எஸ் கட்டுகிறவர்கள் 50.4 என்று அச்சடித்த சார்ஜரை வாங்கி, மீட்டர் வைத்து ஒருமுறை அளந்த பிறகு மாட்டுங்கள்.