ஸ்கேனர் அறையா, கம்ப்யூட்டர் மேசையா?

மூளைப் பட ஆராய்ச்சியில் பி.எச்டி. சேரலாம் என்று தருமபுரியிலிருந்தோ கிருஷ்ணகிரியிலிருந்தோ கிளம்புகிறவருக்கு முன்னால் இரண்டு வழி. ஒன்று, எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் பக்கம்: ஆட்களைப் படுக்கவைத்துப் படம் எடுப்பது, எடுக்கும் முறையையே மாற்றிச் செம்மைப்படுத்துவது. மற்றது, எடுத்த படத்தை அலசும் பக்கம்: மூளையைப் பகுதி பகுதியாகப் பிரித்து அளப்பது, நோயுள்ளவர் படத்தையும் இல்லாதவர் படத்தையும் கணக்குப் போட்டு ஒப்பிடுவது. நான் போனது இரண்டாவதில். ஆகவே என் தராசு அந்தப் பக்கம் சாயும், தெரிந்தே படியுங்கள்.

பணத்தில் பேதமில்லை. 2023 ஜனவரியிலிருந்து ஆராய்ச்சி உதவித்தொகை தொடக்க நிலையான ஜே.ஆர்.எஃப்.பில் மாதம் 37,000 ரூபாய், அடுத்த நிலையான எஸ்.ஆர்.எஃப்.பில் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. ஸ்கேனர் பக்கத்துக்கு இயற்பியல், ஈ.சி.ஈ., பயோமெடிக்கல் படித்தவர்கள் பொருந்துவார்கள். அலசலுக்குக் கணிதமும் புள்ளியியலும் கம்ப்யூட்டரும் படித்தவர்களும் வரலாம். மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸும் அறிவியல் ஆய்வு நிறுவனமான ஐ.ஐ.எஸ்சி.யும் பெங்களூரில்தான், ஓசூர்க்காரருக்கு அது பக்கத்து ஊர். சொந்தக்காரர்களும் பேதம் பார்ப்பதில்லை. எந்தப் பக்கம் போனாலும் கல்யாண வீட்டில் ஒரு பெரியப்பா ஸ்கேன் ஃபிலிம் கவரோடு வந்து, "இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லு தம்பி" என்பார். நாம் டாக்டர் இல்லை, ரேடியாலஜிஸ்ட்டிடம் காட்டுங்கள் என்று இருவருமே சொல்லித்தான் ஆகவேண்டும்.

எனக்குத் தீர்மானமானது ஒரே விஷயம்: செய்ததைத் திரும்பச் செய்ய முடியுமா?

ஸ்கேனர் பக்கத்தில் பெரும்பாலும் முடியாது. மருத்துவமனை இயந்திரம் என்றால் பகலெல்லாம் நோயாளிகளுக்கு. ஆராய்ச்சிக்குக் கிடைப்பது மாலையோ ஞாயிறோ. பென்னாகரத்திலிருந்து பஸ் மாறி வந்த ஒரு பெரியவரை உள்ளே படுக்கவைத்து, அசையாதீங்க ஐயா என்று பலமுறை சொல்லி, முக்கால் மணி நேரம் எடுக்கிறோம். இருமல் வந்து தலை அசைந்தால் போச்சு. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அசைவுகூட மூளைப் பகுதிகளுக்கு இடையிலான இணைப்புக் கணக்கில் இல்லாத வித்தியாசத்தைக் காட்டும் என்று 2012இல் வந்த ஆய்வுகள் தெளிவாக்கிவிட்டன. மறுவாரம் வாங்க என்று அவரை எந்த வாயால் கூப்பிடுவது? இப்படிச் சிலர் கழிந்தால் ஒரு வருஷம் பின்தங்கும், ஃபெலோஷிப் காலமோ நிற்காது.

அலசல் பக்கத்தில் கோட் தப்பாக ஓடினால் ராத்திரி மறுபடி ஓடவிட்டுத் தூங்கலாம். மூளைப் படத்தைப் பிரித்து அளக்கும் ஃப்ரீசர்ஃபர் மென்பொருள் ஒரு தலைக்குப் பல மணி நேரம் எடுக்கும், எடுக்கட்டும். அது பாஸ்டனில் உருவானது, அதைப் போன்ற மென்பொருள்களான எஃப்.எஸ்.எல். ஆக்ஸ்ஃபோர்டில், எஸ்.பி.எம். லண்டனில். மூன்றும் ஆராய்ச்சிக்கு இலவசம். டேட்டாவும் அப்படியே. ஆட்டிசம் பற்றிய அபைட் தொகுப்பு 2012இல் வெளியானது: 17 இடங்களில் எடுத்த 1,112 பேரின் படங்கள். பாலக்கோட்டில் வீட்டு மாடியில் உட்கார்ந்து இறக்கிக்கொள்ளலாம். இத்தனை பேரைத் தனி ஆளாக ஸ்கேன் செய்ய ஒரு பி.எச்டி. காலம் போதாது.

ஆனால் இந்த வசதிக்குள்ளேயே விஷமும் இருக்கிறது. திரும்பத் திரும்ப ஓட்ட முடியும் என்றால், பிடித்த விடை வரும்வரையும் ஓட்ட முடியும். 2020இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு ஒன்று: 108 பேரின் மூளைப் பட டேட்டாவை 70 குழுக்களிடம் கொடுத்து, ஒன்பது ஊகங்களைச் சோதிக்கச் சொன்னார்கள். எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் அலசவில்லை, சில ஊகங்களில் முடிவுகளும் பிரிந்து போயின. ஒரே கேழ்வரகு மாவை எழுபது வீட்டில் கொடுத்தால் எழுபது பதத்தில் களி வருகிற கதைதான். அதனால் என்ன செய்யப் போகிறோம் என்பதை டேட்டாவைத் தொடும் முன்பே எழுதிப் பதிவு செய்துவிடும் பழக்கம் வளர்கிறது. இந்தக் கட்டுப்பாடு இல்லாதவருக்கு அலசல் பக்கத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஸ்கேனர் அறையில் இயந்திரமே கையைக் கட்டிவிடும், இங்கே நாமே கட்டிக்கொள்ள வேண்டும்.

ஸ்கேனர் பக்கத்துக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. இலவசமாகக் கிடைக்கும் டேட்டாவில் பெரும்பகுதி அமெரிக்கா, ஐரோப்பா. உலகமே அளவுகோலாக வைத்திருக்கும் எம்.என்.ஐ. 152 என்ற சராசரி மூளை மாதிரி, மான்ட்ரியலில் 152 பேரின் படங்களைச் சேர்த்துச் செய்தது. நம்மவர்களுக்கென ஐதராபாத் டிரிபிள் ஐ.டி.யும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிறுவனமும் சேர்ந்து நூறு பேரை வைத்து ஓர் இந்திய மாதிரியை உருவாக்கின. அதற்கு யாரோ ஒருவர் நூறு பேரைப் படுக்கவைத்து எடுக்கத்தானே வேண்டியிருந்தது? அந்த வேலை இல்லாமல் என் மேசைக்கு ஒன்றும் வராது.

பாதியில் விட்டால் வேலை கிடைக்குமா என்பது வீட்டில் கேட்கும் கேள்வி. எம்.ஆர்.ஐ. இயந்திரம் செய்யும் சீமென்ஸ், ஜி.இ., பிலிப்ஸ் மூன்றுக்கும் பெங்களூரில் மையங்கள் இருப்பதால் ஸ்கேனர் கற்றவருக்கும் இடமுண்டு. ஆனால் அந்தக் கதவுகள் எண்ணிக்கையில் குறைவு. படத்தைப் பிரிக்கும் கோட் எழுதத் தெரிந்தவர் மூளையை விட்டு செயற்கைக்கோள் படத்துக்கும் போகலாம். என் அறிமுக வட்டம் சிறியது, இதை முழுச் சந்தை நிலவரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்கேனர் அறையிலும் நான் துணைக்கு நின்றதோடு சரி.

அப்படியும் இயந்திரம்தான் இழுக்கிறது என்றால், சேரும் முன் கைடிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: ஆராய்ச்சிக்கென்று வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள், அதை எத்தனை மாணவர்கள் பங்கிடுகிறார்கள், கெட்டுப்போன ஸ்கேனை மறுபடி எடுக்க ப்ராஜெக்ட் பணத்தில் இடமிருக்கிறதா. மூன்றாவதற்குப் பதில் இழுத்தால், அதே ஆய்வகத்தில் அலசல் பக்கம் இடம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.