சால்ட் ரிவர் ஃபீல்ட்ஸ்: கடைசி மூன்று இன்னிங்ஸுக்காக ஒரு புல்வெளி டிக்கெட்

அரிசோனாவில் ஸ்காட்ஸ்டேல் நகரை ஒட்டி அமைந்துள்ள சால்ட் ரிவர் ஃபீல்ட்ஸ் பேஸ்பால் மைதானத்தில், மார்ச் மாதத்து வார நாள் ஒன்றின் மதியத்தை, நாற்காலி இல்லாமல் புல்லில் உட்கார்ந்து பார்க்கும் புல்வெளி டிக்கெட்டில் கழிப்பது கொடுக்கும் பணத்துக்குத் தகுமா என்று வகுப்புத் தோழர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். அருகிலுள்ள டெம்பி நகரில் படிக்க வந்த பிறகு 2024, 2025 ஆகிய இரண்டு வசந்தங்களில் ஒன்பது முறை அங்கே சென்று வந்திருக்கிறேன். தகும் என்பதே என் பதில். ஆனால் ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தில் ஆறாவது முடிந்ததும் எழுந்து வந்துவிட்டால், அந்த டிக்கெட்டின் பாதிக்கு மேற்பட்ட மதிப்பை அங்கேயே விட்டுவிட்டு வருகிறீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லி அனுப்புகிறேன்.

மைதானத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். சால்ட் ரிவர் பிமா-மாரிக்கோபா பழங்குடிச் சமூகத்தின் நிலத்தில் 2011-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்த இடம், பழங்குடியினர் நிலத்தில் கட்டப்பட்ட முதல் மேஜர் லீக் வசந்தகாலப் பயிற்சி மைதானம் ஆகும். அமெரிக்காவின் உயர்மட்ட பேஸ்பால் லீக்கான மேஜர் லீக்கின் அணிகள் பருவம் தொடங்கும் முன் பயிற்சி ஆட்டங்கள் ஆடும் இடம் அது. அரிசோனா டைமண்ட்பேக்ஸ், கொலராடோ ராக்கீஸ் என்ற இரண்டு அணிகளும் இதைப் பகிர்ந்துகொள்வதால், பயிற்சிக் காலத்தின் ஏறக்குறைய எல்லா நாள்களிலும் இங்கே ஓர் ஆட்டம் இருக்கும். சுமார் 11,000 பேர் அமரக்கூடிய இடத்தில் 7,000 பேருக்கு நாற்காலிகள் உண்டு. மீதிப் பேருக்கு வெளிக்களத்தின் சுவருக்குப் பின்னால் சரிந்து கிடக்கும் புல்வெளிதான். மைதானத்தைச் சுற்றி முழு வட்டமாக நடைபாதை இருப்பதால், ஓர் இன்னிங்ஸை இடப்பக்கத்திலும் அடுத்ததை, பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னாலும் நின்று பார்க்கலாம். டிக்கெட்டில் எழுதியிருக்கும் இடத்தோடு உங்கள் பார்வை முடிந்துவிடுவதில்லை.

புல்வெளி டிக்கெட்டுக்கு எனக்கு 20 டாலருக்குச் சற்று மேல் ஆனது. கட்டணத்தில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஒருமுறை மறுவிற்பனைத் தளம் ஒன்றில் வாங்கியபோது, முதலில் காட்டிய விலையோடு கடைசிப் பக்கத்தில் சேவைக் கட்டணம் என்று கணிசமான ஒரு தொகை சேர்ந்துகொண்டது. அதன் பிறகு மைதானத்தின் டிக்கெட் சாளரத்திலேயே வாங்குகிறேன். வார நாள்களில் எனக்கு இடம் கிடைக்காமல் போனதில்லை. புல்வெளிக்கு மேல் கூரை கிடையாது. மார்ச் மாதத்து அரிசோனா வெயில் மதியம் ஒரு மணிக்கு மென்மையாகத் தோன்றினாலும் மூன்று மணிக்குள் கழுத்தைச் சுட்டுவிடும் என்பதால், தொப்பியும் விரிப்பும் தண்ணீரும் இல்லாமல் போக வேண்டாம்.

வசந்தகாலப் பயிற்சி ஆட்டம் என்றால் என்ன என்பது புரிந்தால்தான் இந்தச் சேவையை நியாயமாக மதிப்பிட முடியும். 1947-இல் கிளீவ்லாந்து அணி டூசானுக்கும் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி ஃபீனிக்ஸுக்கும் பயிற்சிக்காக வந்ததிலிருந்து தொடங்கிய கேக்டஸ் லீக், இன்று ஃபீனிக்ஸைச் சுற்றியுள்ள 10 மைதானங்களில் 15 அணிகள் ஆடும் அமைப்பாக வளர்ந்திருக்கிறது. இந்த ஆட்டங்களின் முடிவு பருவத்தின் புள்ளிப் பட்டியலில் கணக்கில் வராது. ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் சமநிலை என்றால் அப்படியே கைகுலுக்கிக் கலைந்துவிடுவார்கள். தொடக்க வாரங்களில் முதல் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், இரண்டே இன்னிங்ஸ் வீசிவிட்டுப் போய்விடுவார். நட்சத்திர வீரர்கள் ஐந்தாவது, ஆறாவது இன்னிங்ஸோடு உடை மாற்றிக்கொள்ளச் சென்றுவிடுவார்கள். அவர்களோடு கூட்டத்தில் ஒரு பகுதியும் கிளம்பிவிடும். முதல் முறை சென்றபோது நானும் கிளம்பத்தான் எழுந்தேன்.

என்னை உட்கார வைத்தவர் புல்வெளியில் பக்கத்து விரிப்பில் இருந்த, கொலராடோவிலிருந்து ஆண்டுதோறும் வரும் ஒரு முதிய பெண்மணி. மடியில் ஸ்கோர் புத்தகம் வைத்திருந்தார். இரண்டாவது, மூன்றாவது தளங்களுக்கு இடையில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் பந்தைப் பிடித்து இரண்டாவது தளத்துக்கு எறிந்து, அங்கிருந்து அது முதல் தளத்துக்குப் போனால், ஆடுவோர் நிற்கும் இடங்களுக்குரிய எண்களைக் கொண்டு 6-4-3 என்று எழுத வேண்டும் என்றும், பேட்டர் மட்டையை வீசாமல் நின்றபடியே மூன்றாவது ஸ்ட்ரைக்கில் (அடிக்கத் தவறியதாகக் கணக்கிடப்படும் பந்தில்) வெளியேறினால், ஸ்ட்ரைக்கில் வெளியேறுவதைக் குறிக்கும் ‘கே’ எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும் என்றும் அன்று அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். "இனிமேல்தான் நீங்கள் பார்க்க வேண்டியவர்கள் வருவார்கள்" என்று அவர் சொன்னார். ஏழாவது இன்னிங்ஸில் 80, 90 என்று பெரிய எண்கள் பொறித்த ஜெர்சிகள் களத்துக்கு வந்தன. அவற்றில் சிலவற்றின் முதுகில் பெயர்கூட இல்லை. அவர்கள் மைனர் லீக் எனப்படும் கீழ்நிலை லீக்குகளின் வீரர்கள். பருவம் தொடங்கும்போது மேஜர் லீக் அணியில் 26 பேருக்குத்தான் இடம். இவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வசந்தத்தில் அது கிடைக்காது என்பது அவர்களுக்கே தெரியும். இருந்தும், 90-க்கு மேற்பட்ட எண் அணிந்த ஒருவர் வலப்பக்க மூலைக்கு, இரண்டாவது தளம் வரை ஓடக்கூடிய ஒரு டபுள் அடித்துவிட்டு, தலைக்கவசம் கழன்று விழுவதைப் பொருட்படுத்தாமல் இரண்டாவது தளத்தில் மண் பறக்கச் சறுக்கியபோது, எதற்கும் கணக்கில் வராத அந்த ஆட்டம் அவருக்கு எவ்வளவு பெரியது என்பது சுவருக்குப் பின்னால் இருந்த எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒரு விளையாட்டு வீரரின் ஆசையை இவ்வளவு அருகில், இவ்வளவு குறைந்த செலவில் பார்க்கக்கூடிய வேறு இடம் எனக்குத் தெரியவில்லை.

விதிகளில் ஆர்வம் உள்ளவர்களுக்கும் வசந்தம் சுவையானது. புதிய விதிகள் முதலில் உரசிப் பார்க்கப்படுவது பெரும்பாலும் இந்த ஆட்டங்களில்தான். பிட்சருக்கும் பேட்டருக்கும் நேரக் கட்டுப்பாடு விதிக்கும் கடிகாரம் வந்த 2023 பிப்ரவரியில், ஃபுளோரிடாவில் நடந்த பிரேவ்ஸ், ரெட் சாக்ஸ் ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில், தளங்கள் மூன்றும் நிரம்பியிருந்த நிலையில், பேட்டர் உரிய நேரத்தில் தயாராகவில்லை என்று அம்பயர் மூன்றாவது ஸ்ட்ரைக்கை அறிவித்துவிட, ஆட்டம் 6-6 என்று முடிந்தது. பந்து ஸ்ட்ரைக்தானா என்பதைக் கேமராக்களைக் கொண்டு மறுபரிசீலனை செய்யும் முறையும் 2025 வசந்தத்தில் 13 மைதானங்களில் சோதிக்கப்பட்டது. பேட்டரோ பிட்சரோ கேட்சரோ தலையைத் தட்டி முறையிட்ட சில நொடிகளில் பந்தின் பாதை திரையில் தெரியும்.

இனி, இந்த மைதானத்தைப் பற்றிச் சொல்லும்போது கல்லூரிக் கூடைப்பந்தை ஏன் இழுக்கிறேன் என்று கேட்கலாம். மார்ச் மூன்றாவது வாரத்தில் அவற்றைப் பிரிக்க முடியாது என்பதுதான் காரணம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. நடத்தும் கூடைப்பந்துப் போட்டியின் முதல் சுற்று வியாழன், வெள்ளி ஆகிய இரண்டு நாள்களில் 32 ஆட்டங்களாக நடக்கிறது. அரிசோனாவின் பெரும்பகுதி கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லை என்பதால், மார்ச்சில் கிழக்குக் கரையைவிட மூன்று மணி நேரம் பின்தங்கியிருக்கிறோம். அங்கே நண்பகலைத் தாண்டித் தொடங்கும் முதல் கூடைப்பந்து ஆட்டம் எங்களுக்குக் காலை ஒன்பதேகாலுக்கு வந்துவிடுகிறது. காலையில் இரண்டு ஆட்டங்களைப் பார்த்துவிட்டு, மதியம் ஒரு மணிக்குப் புல்வெளியில் விரிப்பைப் போட்டு, நான்கு மணிக்கு வெளியே வந்தால் மாலை ஆட்டங்கள் காத்திருக்கும். அந்த இரண்டு நாள்களும் புல்வெளியில் இருக்கும் பாதிப் பேரின் கையில் பிராக்கெட் தாள் இருக்கும். முதன்மைச் சுற்றுகளின் 63 ஆட்டங்களையும் முன்கூட்டியே கணித்து நிரப்பும் அந்தத் தாளை நிரப்ப ஏறத்தாழ 92 ஆயிரம் கோடி கோடி வழிகள் உண்டு. என்னுடைய தாள் முதல் நாள் மாலைக்குள்ளேயே பொய்த்துப் போனது.

பொய்த்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். 2024-இல் அந்த வியாழக்கிழமை மாலை, தன் பிரிவின் தரவரிசையில் 3-ஆம் இடத்தில் இருந்த கென்டக்கியை 14-ஆம் இடத்து ஓக்லாந்து பல்கலைக்கழகம் 80-76 என்று வீழ்த்தியது. இந்த ஓக்லாந்து கலிஃபோர்னியாவில் இருப்பது அல்ல, மிச்சிகனில் உள்ள கல்லூரி. கல்லூரி விளையாட்டின் இரண்டாம் நிலைப் பிரிவில் ஆடும் ஒரு கல்லூரியிலிருந்து அங்கே மாறி வந்திருந்த ஜாக் கோல்கி, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து பத்து முறை பந்தை வளையத்துக்குள் போட்டார். அன்று காலை வரை அவர் பெயர் எனக்குத் தெரியாது. இன்று அவருடைய கை மேலே எழும் விதம்கூட நினைவில் இருக்கிறது. அதைப் பார்த்தபோது எனக்கு உடனே தோன்றியது, சறுக்கி விழுந்து எழுந்த 90-க்கு மேற்பட்ட எண் அணிந்த அந்த வீரரின் முகம்தான். இருவரும் வரிசையின் கடைசியிலிருந்து வந்தவர்கள். ஒருவருடைய மதியம் யாருடைய கணக்கிலும் ஏறவில்லை, மற்றவருடைய மாலை நாடு முழுவதும் ஏறிவிட்டது. மறுநாள் இரவு ஃபீனிக்ஸ் நகரத்துக் கல்லூரியான கிராண்ட் கேன்யன், செயின்ட் மேரிஸ் அணியை 75-66 என்று வென்று இந்தப் போட்டியில் தன் முதல் வெற்றியைப் பெற்றபோது, எங்கள் குடியிருப்பின் மாடிகளிலிருந்து எழுந்த சத்தம் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

கூடைப்பந்தைக் கைப்பேசியில் பார்க்கும் சேவையைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை இல்லை. நான் சந்தா கட்டிய நேரலைச் செயலி, கடைசி இரண்டு நிமிடங்களில், அதாவது பார்க்க வேண்டிய இரண்டே நிமிடங்களில், மூன்று முறை உறைந்து நின்றது. வானொலி வர்ணனை அப்படிக் கைவிடவில்லை; மைதானத்திலிருந்து வண்டியில் திரும்பும்போது கேட்க அதுவே போதும். பெண்கள் போட்டியையும் விட்டுவிடாதீர்கள் என்று வற்புறுத்துவேன். 2024 ஏப்ரலில் சவுத் கரோலினா அயோவாவை 87-75 என்று வென்ற பெண்கள் இறுதி ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தோர் எண்ணிக்கை 1.89 கோடி. மறுநாள் ஃபீனிக்ஸை அடுத்துள்ள கிளெண்டேலில் கனெக்டிகட் பர்டியூவை 75-60 என்று வென்ற ஆண்கள் இறுதி ஆட்டத்தைப் பார்த்தோர் 1.48 கோடிதான். அந்த ஆண்கள் இறுதி ஆட்டத்துக்கு 74,000-க்கும் மேற்பட்டோர் அரங்கில் திரண்டிருந்தார்கள். என் மாணவர் வரவு செலவில் அந்த டிக்கெட்டுக்கு இடமில்லை. அரங்கு இருக்கும் அதே பெருநகரப் பகுதியில் இருந்தும் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். புல்வெளியின் அருமை அன்று இன்னும் நன்றாக விளங்கியது.

செல்ல நினைப்போருக்குச் சில சொற்கள். தரமான பேஸ்பால் வேண்டுமென்றால் பயிற்சிக் காலத்தின் கடைசி நாள்களில் போங்கள். அப்போது முதன்மை வீரர்கள் அதிக நேரம் ஆடுவார்கள், பிட்சர்கள் ஐந்து இன்னிங்ஸ் வரை வீசுவார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய வாரம். டாட்ஜர்ஸ், கப்ஸ் போன்ற அணிகள் வரும் நாள்களில் கூட்டமும் விலையும் ஏறும் என்பதால், முதல் முறை போகிறவர்கள் அவற்றைத் தவிர்த்துவிட்டு ஒரு செவ்வாய் அல்லது புதன்கிழமையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரத்துக்கு முன்பே உள்ளே சென்று, வலப்பக்கப் புல்வெளியில் சுவரை ஒட்டி விரிப்பைப் போடுங்கள். ஒரு ஸ்கோர் புத்தகமும் பென்சிலும் எடுத்துச் செல்லுங்கள். ஏழாவது இன்னிங்ஸுக்குப் பிறகு பெயர் இல்லாத ஜெர்சிகள் வரும்போது, எண்ணை மட்டும் எழுதிக்கொண்டால் போதும். நான் எழுதி வைத்த எண்களில் இரண்டுக்குரியவர்களின் பெயர்களை அடுத்த கோடையில் தேடிக் கண்டுபிடித்தேன். டபுள் அடித்தவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.