1,840 ரூபாய்க்கு வாங்கிய சாயத் தண்ணீர்: ஜெல் பேனா வாங்குபவர்கள் கவனிக்க

எனக்கு ஜெல் பேனா விற்ற பெண் இன்று காலை என் எண்ணைத் தடை செய்துவிட்டார். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 24 நிற ஜெல் பேனாப் பெட்டி, கூடவே ஒரு நாட்குறிப்பேடு, மொத்தம் 1,840 ரூபாய். விற்றது சமூக ஊடகத்தில் அழகழகாகப் படம் போட்டு எழுதுபொருள் விற்கும் ஒரு பக்கம். பெயரைச் சொல்லிப் பயனில்லை, நாளைக்கே வேறு பெயரில் கடை விரிப்பார்கள்.

எனக்குக் கும்பகோணம் பக்கம். இரவில் நாட்குறிப்பு எழுதாமல் படுக்கமாட்டேன். மேட்டூர் நீர்மட்டம், வாய்க்காலில் தண்ணீர் வந்த நாள், நடவுக்கூலி, வீட்டுச் செலவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே தாளே நமுத்துப்போகும் என்பதால், ஈரம் பட்டால் மை ஊறுமா என்றுதான் முதலில் கேட்டேன்.

"அக்கா, நானும் தஞ்சாவூர்ப் பெண்தான். நம் ஊர் மழை எனக்குத் தெரியாதா? இது நிறமி மை, கரையாத வண்ணத்தூள் கலந்தது. குடத்துத் தண்ணீரை ஊற்றினாலும் அசையாது" என்றார். ஜெல் மைப் பேனாவை 1984-இல் ஜப்பானின் சகுரா நிறுவனம் கொண்டுவந்த கதையையும் சொன்னார். அது உண்மை. நல்ல நிறமி மை காய்ந்தபின் தண்ணீருக்கு எளிதில் கரையாது என்பதும் உண்மை. இரண்டு உண்மைகளை முன்னால் வைத்து ஒரு பொய்யை விற்றிருக்கிறார். ஊர்ப்பெண் என்றதும் நானும் பணத்தை அனுப்பிவிட்டேன்.

பெட்டி வந்தது. புதுப் பேனாவின் முனையில் இருக்கும் சின்ன மெழுகுப் பொட்டு பாதிப் பேனாக்களில் இல்லை. பச்சையை எடுத்துக் 'குறுவை' என்று எழுதினேன். சுழி வரும் இடமெல்லாம் மை நடுவில் விட்டுப்போய், ஓரங்களில் மட்டும் தண்டவாளம்போல இரண்டு மெல்லிய கோடுகள். நீலம் நன்றாகத்தான் எழுதியது. மறுநாள், காய்ந்த எழுத்தின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். மேட்டூர் அடிக்கணக்கு முழுவதும் கரைந்து, பின்பக்கத்துக் கூலிக்கணக்கு வரை இறங்கிவிட்டது.

படம் எடுத்து அனுப்பினேன். முதலில் "தாள் சரியில்லை அக்கா" என்றார். தாளும் அவர் விற்றதுதான்! பிறகு "கிடங்கில் கேட்டுச் சொல்கிறேன்." பிறகு "பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா?" மை கரைவதற்கும் பார்சல் பிரிப்பதற்கும் என்ன சம்பந்தம்? 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எழுதினேன். பதிலுக்கு ஒரு சிரிப்புப் பொம்மை. அக்கா மேடம் ஆனார், மேடத்துக்கும் பதில் நின்றது. 1,840 ரூபாய் 1,840 ரூபாய்தான், திரும்பவில்லை.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமையில்லை. பெட்டியில் விலை, தயாரித்த நாடு, இறக்குமதியாளர் முகவரி இல்லையென்றால் தொடாதீர்கள். முன்பணம் அனுப்பாதீர்கள். முடிந்தால் கடைத்தெருவுக்குப் போய்க் கிறுக்கிப் பார்த்து, ஒற்றைப் பேனாவாக வாங்குங்கள். ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். நானும் பணம் அனுப்பிய ரசீதைத் தேடி எடுத்துவிட்டேன், அங்கேதான் அழைக்கப் போகிறேன்.