நாக்கு வழிக்கத்தான் லாயக்கு

உருப்படாத சாமான் எதையாவது வாங்கிப் போனால், "இதை வச்சு நாக்குதான் வழிக்கணும்" என்பார் என் அம்மா. நாக்கு வழிப்பது அவ்வளவு மட்டமான வேலை என்று நாற்பத்து மூன்று வயது வரை நானும் நினைத்திருந்தேன்.

எனக்குக் கும்பகோணத்தில் ஒரு கண்ணாடிக்கடையில் வேலை. ஃபிரேமைக் காதுக்குப் பின்னால் வளைத்துவிட்டு, மூக்கில் உட்காரும் பேடைச் சரிசெய்யும்போது, வாடிக்கையாளர் முகத்துக்கும் என் வாய்க்கும் இடையே ஒரு சாண் இருந்தால் அதிகம். போன ஆடியில் ஒரு சின்னப் பெண், "அங்கிள், கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க" என்றாள். அவள் அம்மா அவள் தொடையில் கிள்ளியதைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். ராத்திரி வீட்டில் கேட்டேன். "இப்பத்தான் தெரியுதா?" என்று பதில் வந்தது.

இத்தனைக்கும் இரண்டு வேளையும் பல் தேய்ப்பவன். வயிற்றில்தான் ஏதோ கோளாறு என்று சீரகத் தண்ணீராகக் குடித்துத் தள்ளினேன். பல் டாக்டர் பல்லைப் பார்ப்பதற்கு முன் நாக்கை நீட்டச் சொல்லி, கண்ணாடியைக் கையில் கொடுத்தார். நுனி நல்ல சிவப்பு. பின்பக்கம் கோலமாவு சிந்தின மாதிரி இருந்தது. வாய் நாற்றம் பெரும்பாலும் வாயிலேயேதான் பிறக்கிறது, வயிற்றின் மேல் பழி போடாதீர்கள் என்றார். அந்த மாவுக்குள் இருக்கும் பாக்டீரியா, உணவுத் துணுக்கையும் உதிர்ந்த செல்லையும் தின்று கந்தக வாயுவை விடுகிறதாம். அழுகின முட்டை நாறுவதும் கந்தகத்தால்தான். தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைந்துவிடுவதால் விடிகாலையில் அதற்குக் கொண்டாட்டம். ஈறோரம் கட்டியிருந்த காரையைச் சுத்தம் செய்துவிட்டு, நாக்கு வழிப்பான் ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

ஒன்று எங்கே, மூன்று வாங்கினேன்.

முதலில் இருபது ரூபாய் பிளாஸ்டிக். கைப்பிடி வைத்து, மண்வெட்டி மாதிரி இருந்தது. நாக்கின் நடுவைத் தாண்டினதுமே வளைந்துகொடுத்தது. மாவு இருப்பதோ அதற்கும் பின்னால். பத்து நாளில் அதன் பல்லிடுக்கில் அழுக்கு ஏறி, வழிப்பானை வழிக்க இன்னொன்று வேண்டும் போல ஆனது. குப்பையில் போட்டேன்.

அடுத்தது செம்பு. பாத்திரத்துக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு செம்பு வாங்காமல் இருக்க முடியுமா? நூற்று ஐம்பது ரூபாய். பார்க்க லட்சணம், கையில் கனம். செம்பு கிருமியைக் கொல்லும் என்றார் கடைக்காரர். கொல்லும்தான், ஆனால் அதற்கு நேரம் வேண்டும். என் நாக்கில் அது இருப்பதோ பத்து வினாடி. நாலே நாளில் கறுத்துப்போய், புளி போட்டுத் தேய்க்க வேண்டியிருந்தது. பூஜைப் பாத்திரத்துக்கே நேரமில்லாத வீட்டில் இது எடுபடாது.

மூன்றாவது எவர்சில்வர், அறுபது ரூபாய். இரண்டு கையாலும் பிடித்து இழுக்கிற வளைவுப் பட்டை. இதைத்தான் ஏழு மாதமாக வைத்திருக்கிறேன். குறை இல்லாமல் இல்லை. ஒரு பக்க விளிம்பில் பிசிறு இருந்தது. லென்ஸ் ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்க்கிற பழக்கத்தில் வாயில் வைப்பதற்கு முன்பே பிடித்துவிட்டேன். எங்கள் கடையில் மெருகேற்றுகிற பஃப் மெஷினில் இரண்டு சுற்று விட்டு வழவழப்பாக்கிக்கொண்டேன். நீங்கள் வாங்கும்போது கடையிலேயே நகத்தால் ஓட்டிப் பாருங்கள்.

அழுத்தாதீர்கள். சுத்தம் செய்கிற வேகத்தில் முதல் வாரம் நான் வரட்டு வரட்டென்று இழுத்து, மத்தியானம் ரசம் பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்தது. எட்டுகிற வரை பின்னால் வைத்து, மெல்ல முன்னால் ஒரே இழுப்பு. குழாயில் அலசிவிட்டு மறுபடி. நாலு இழுப்பு போதும். குமட்டினால், நாக்கை நன்றாக வெளியே நீட்டி மூச்சை விட்டுக்கொண்டே இழுங்கள், பாதி குறையும். காபிக்கு முன்னால் செய்வது நல்லது. பிறகு குடிக்கிற முதல் வாய் டிகாக்‌ஷனின் கசப்பு தனியாகத் தெரிகிறது, அது எனக்குக் கிடைத்த உபரி லாபம்.

சோதிக்க வேண்டுமா? மணிக்கட்டை நக்கி, காய்ந்த பிறகு முகர்ந்து பாருங்கள். யாரும் பார்க்காத இடமாக இருக்கட்டும். பல்லிடுக்கிலிருந்து வருகிற நாற்றத்துக்கு இந்தப் பட்டை உதவாது. கடைவாய்ப் பல் சந்துக்கு டாக்டர் சொன்ன, பாட்டில் கழுவுகிற பிரஷ்ஷின் குட்டி மாதிரி இருக்கிற பிரஷ்ஷையும் ராத்திரியில் விடுகிறேன். ஒரு நாள் தவறினாலும் மறுநாள் அதன் நுனியே காட்டிக்கொடுத்துவிடும். மவுத்வாஷ் ஒரு புட்டி வாங்கினேன். புதினா வாசம் கொஞ்ச நேரத்துக்குத் தாங்குகிறது. இரண்டாவது புட்டி வாங்கவில்லை.

எவர்சில்வரில் இன்னொரு தொல்லை, எல்லாம் ஒரே அச்சு. இப்போது வீட்டில் நாலு பேருக்கும் நாலு வாங்கியாகிவிட்டது. எது யாருடையது என்று காலையில் சண்டை. கண்ணாடியில் மாட்டுகிற கயிற்றை வெட்டி, ஆளுக்கொரு நிறமாகக் கட்டிவிட்டேன். என்னுடையது கறுப்பு. சிவப்புக் கயிறு அம்மாவுடையது.