எவோவும் இம்ப்ரேஸாவும்: நம்மூர் ஒழுங்கையில் உயரமும் எஞ்சினும்

ரலிப் பந்தயத்தில் பெயரெடுத்த கார் என்றதும் மேடு பள்ளமெல்லாம் அதற்குத் தூசு என்று நினைக்கிற ஆட்கள் நிறைய. கல்லுத் தெருவில் ஓடிய போட்டிக் காருக்கு வேறு சொக், வேறு உயரம், அடியில் தடித்த தகடு. விற்பனைக்கு வந்த மிட்சுபிஷி லான்சர் எவலூஷனுக்கும் (சுருக்கமாக எவோ) சுபாரு இம்ப்ரேஸா டபிள்யூ.ஆர்.எக்ஸுக்கும் நில இடைவெளி ஏறத்தாழ 140 முதல் 155 மி.மீ. வரைதான். எவோ 6இன் டொம்மி மாக்கினென் பதிப்பு, தார் வீதிக்கென்று மேலும் 10 மி.மீ. தாழ்த்தியே வந்தது. யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பெருவீதியில் இதெல்லாம் தெரியாது. ஒழுங்கைக்குள் திரும்பும்போதும், மதகு மேட்டிலும், மாரி வெள்ளம் அரித்த குழியிலும் தெரியும்.

அந்த மி.மீ. கணக்கைவிட, அடியில் என்ன தொங்குகிறது என்று குனிந்து பார்ப்பது முக்கியம். சுபாருவின் பொக்ஸர் எஞ்சினில் சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்திருக்கும். புகைவாய்கள் கீழ்ப்பக்கம் என்பதால் புகையை வெளியே கொண்டுபோகும் ஹெடர் குழாய்கள் எஞ்சினுக்கு அடியாலேயே போகின்றன. அடித்தகட்டைக் கழற்றிவிட்டு ஓடினால் முதலில் நசுங்குவது அவைதான். எவோவில், டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்த்தும் இன்டர்கூலர் முன் பம்பர் வாய்க்குள் இருக்கிறது. கல் பட்டுச் செதில்கள் மடியும், செம்மண் அடைக்கும். சுபாருவில் அது எஞ்சினுக்கு மேலே. கல் படாது, ஆனால் ஆஸ்பத்திரி வீதி நெரிசலில் நின்று நின்று போனால் எஞ்சின் சூட்டைக் குடித்துவிட்டு, பிறகு மிதிக்கும்போது சோம்பும்.

ஸ்பிரிங் வெட்டித் தாழ்த்துவதைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். 30, 40 மி.மீ. இறக்கினால் முன் ஆர்ம்கள் மேல்நோக்கிச் சாயும், ரோல் சென்டர் (வளைவில் கார் எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி) காரின் எடைமையத்தைவிட அதிகமாகக் கீழே போகும். பார்க்கத் தாழ்வாக நிற்கிற கார் வளைவில் முன்னையதைவிடச் சாய முயலும். குழியில் ஸ்டியரிங் தானாக இழுக்கும். உயர்த்த விரும்பினால் ரயர் வழி இருக்கிறது, ஆனால் லாபம் சிறிது: 205/55 ஆர்16க்குப் பதில் 205/60 ஆர்16 போட்டால் 10 மி.மீ. மட்டும். போட்டால் நான்கையும் ஒன்றாகவே மாற்றுங்கள். இவை நான்கு சக்கரமும் இழுக்கும் கார்கள்; தேய்ந்த மூன்றுடன் புதிது ஒன்றைப் போட்டால், முன் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் நடு டிபரென்ஷல் ஓயாமல் வழுக்கிச் சூடேறும். உயரத்தை அளக்கும்போது நிலத்திலிருந்து அளக்காமல், சக்கர நடுவிலிருந்து மட்காட் விளிம்புவரை அளந்தால் ரயர் வித்தியாசம் குழப்பாது.

எஞ்சினுக்கு வருவோம். சுபாருவின் ஈ.ஜே.20 எஞ்சினில் சிலிண்டர் உள்விட்டம் 92, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75 மி.மீ.; எவோ 9 வரை வந்த 4ஜி63 எஞ்சினில் 85க்கு 88. சைக்கிளுக்கும் லாண்ட் மாஸ்டர் உழவு யந்திரத்துக்கும் பின்னால் ஊரும் நம் வேகத்தில் குட்டை ஸ்ட்ரோக் சுபாரு, எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது வெறுமையாக இருக்கும், டர்போ விழித்த பிறகுதான் ஓட்டம். 2.5 லீற்றர் ஈ.ஜே.257 அந்தக் குறையைத் தீர்க்கிறது, பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடைப்பட்ட விளிம்பான ரிங் லாண்டின் பலவீனத்தைக் கூடவே கொண்டுவருகிறது.

இங்கே வழக்கமாகக் கிடைக்கும் பெற்றோல் ஒக்டேன் 92, 95 வகைகள்தான்; எஞ்சினுக்குள் தட்டாமல் எரியும் திறனைக் காட்டுவது அந்த எண். ஜப்பான் சந்தைக்கான எஞ்சின்கள் 100ஐ ஒட்டிய ஒக்டேனை நினைத்து அமைக்கப்பட்டவை. ஆகவே 95க்குக் கீழே இறங்கவே கூடாது, டர்போ தள்ளும் காற்றழுத்தமான பூஸ்டையும் கூட்டக்கூடாது. தட்டும் சத்தத்தோடு மிதித்தால் முதலில் உடைவது அந்த ரிங் லாண்டே.

சுபாருவில் ஒவ்வொரு 1000 கி.மீ.க்கும் ஒயில் மட்டம் பாருங்கள். ஒயில் உறிஞ்சும் குழாயில் வெடிப்பு வருவது தெரிந்த நோய். 4ஜி63 வார்ப்பிரும்புப் புளொக், முரட்டு ஆள். அதன் பலவீனம் பெல்ட். எஞ்சின் அதிர்வைக் குறைக்கும் பலன்ஸ் ஷாப்ட்டின் சின்ன பெல்ட் அறுந்து ரைமிங் பெல்ட்டுக்குள் சிக்கினால் வால்வுகள் வளையும். இரண்டு பெல்ட்டையும், அவற்றை இறுக்கிப் பிடிக்கும் ரென்ஷனரையும், வோட்டர் பம்பையும் ஒரே தடவையில் மாற்றுவதே மலிவு. எவோ 10இன் 4பி11 எஞ்சினில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி என்பதால் இந்தக் கவலை இல்லை. ஆனால் பின் சக்கரங்களுக்கிடையே விசையைப் பகிரும் அதன் ஏ.வை.சி. அமைப்பின் பம்ப் பின் சக்கரத்தருகே அழுக்கிலும் ஈரத்திலும் துருப்பிடிக்கிறது. பண்ணைப் பாலம், காரைநகர் என்று கடற்காற்றில் அடிக்கடி ஓடும் கார் என்றால், வாங்குமுன் தூக்கிவைத்து அந்த மூலையை வெளிச்சம் போட்டுப் பாருங்கள். சுபாரு என்றால் பின் மட்காட் விளிம்பின் உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள்.