'ஃபோர் வே லைக்ரா' என்று போட்டிருந்தால் உடனே கத்தரிக்கோலை எடுக்காதீர்கள்

லெகிங்ஸ், டி-ஷர்ட் தைக்க ஆன்லைனில் லைக்ரா துணி வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

'காட்டன் லைக்ரா, 95 சதவீதம் பருத்தி, 5 சதவீதம் ஸ்பாண்டெக்ஸ், நாலு பக்கமும் இழுபடும்' என்று போட்டிருந்த துணியைத்தான் வாங்கினேன். (ஸ்பாண்டெக்ஸ் என்பது ரப்பர் போல இழுபடும் செயற்கை இழை, லைக்ரா என்பதும் அதுதான்.) கூடவே இரண்டு கைகள் துணியை இழுத்துக் காட்டும் வீடியோ. நன்றாகக் கவனித்தால் அதில் அகலவாக்கில் மட்டும்தான் இழுக்கிறார்கள், நீளவாக்கில் ஒரு தடவைகூட இல்லை, விட்ட பிறகு துணி பழைய அளவுக்கு வருகிறதா என்பதையும் காட்டவில்லை, இழுத்துப் பிடித்தபடியே வீடியோ முடிந்துவிடுகிறது.

துணியை ஒரு முறை அலசிக் காயவைத்துத்தான் வெட்டினேன், பருத்தி கலந்த பின்னல் துணி முதல் சலவையில் சுருங்கும் என்பதால். லெகிங்ஸ் தைத்துப் போட்ட அன்றே, உட்கார்ந்து எழுந்ததும் முழங்காலில் துணி புடைத்துக்கொண்டு நின்றது, சாயங்காலம் வரை உள்ளே போகவே இல்லை. குனிந்தால் இடுப்புப் பக்கம் கீழே இறங்குகிறது, ஏனென்றால் நீளவாக்கில் அந்தத் துணி அசையவே அசையாது.

விற்றவரிடம் கேட்டேன். முதல் பதில், வெட்டிய துணியைத் திரும்ப எடுப்பதில்லை. சரி, படம் அனுப்புகிறேன் என்றதும் அடுத்த பதில் வந்தது: "சாதாரண ஊசியில தச்சிருப்பீங்க மேடம், அதான்."

இந்தப் பதிலுக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன். தைக்கத் தெரியாதவர்கள் இதை நம்பி வாயை மூடிக்கொள்வார்கள். சாதாரண ஊசி ஸ்ட்ரெட்ச் துணியைக் கெடுக்கும் என்பது உண்மைதான். கூர்முனை இழையைக் குத்திக் கிழிக்கும், தையல் விட்டுவிட்டு விழும், தையலோரமாகக் குட்டிக் குட்டி ஓட்டைகள் தெரியும். அதற்காகத்தான் முனை உருண்ட ஸ்ட்ரெட்ச் ஊசி, 75/11 அளவு, போட்டேன். பாலியஸ்டர் நூல், குறுகலான ஜிக்ஜாக், துணியை இழுக்காமல் மெஷின் போக்கிலேயே விட்டேன். ஒரு தையல்கூட விடவில்லை. அதைவிட முக்கியம், துணி தொங்கியது முழங்காலின் நடுவில், அங்கே தையலே கிடையாதே! ஊசியே படாத இடம் ஊசியால் எப்படிக் கெடும்? இதைக் கேட்டதும் பதில் நின்றுவிட்டது.

அப்புறம் சந்தேகம் வந்து மீதித் துண்டிலிருந்து கொஞ்சம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, வாஷ்பேசின் மேல் கொளுத்திப் பார்த்தேன். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், தொட்டால் உதிர்கிற சாம்பல் மிஞ்சும். இது தீயைக் கண்டதும் சுருண்டு உருகி, ஆறிய பிறகு நகத்தால் உடைக்க முடியாத கறுப்பு மணியாக நின்றது. அது பாலியஸ்டரின் குணம். 5 சதவீத ஸ்பாண்டெக்ஸ் மட்டும் இப்படி ஆக்காது. 95 சதவீதம் பருத்தி என்பது சுத்தப் பொய்.

வாங்குகிறவர்கள் முதலில் சின்ன சாம்பிள் கேளுங்கள், தர மறுத்தால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள். சாம்பிள் வந்ததும் அலசிக் காயவைத்து, 10 செ.மீ. குறித்துக்கொண்டு, ஸ்கேல் மேல் வைத்து இழுங்கள். 15 செ.மீ. வரை சிரமமில்லாமல் வந்தால் 50 சதவீத நீட்சி. ஆனால் எவ்வளவு போகிறது என்பதைவிட, எவ்வளவு திரும்பி வருகிறது என்பதுதான் விஷயம். சில நொடி பிடித்திருந்து விடுங்கள், இரண்டு மூன்று தடவை. திரும்பப் பத்திலேயே நிற்க வேண்டும், பத்தரையில் நின்றால் லெகிங்ஸுக்கு ஆகாது, தொளதொள டாப் தைக்க வேண்டுமானால் பார்க்கலாம். அகலவாக்கில் பார்த்ததை அப்படியே நீளவாக்கிலும் பாருங்கள். துணியின் கரையோரத்தில் பார்க்காதீர்கள், நடுத்துணியில் பாருங்கள்.

விற்பனைப் பக்கத்தை வாங்கும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நான் எடுத்து வைத்தேன், இல்லையென்றால் இன்று கையில் ஒன்றும் இருக்காது. புகார் கொடுத்த பிறகு அந்தப் பக்கத்தில் சதவீதக் கணக்கு காணாமல் போய், 'சாஃப்ட் லைக்ரா' என்று மட்டும் நிற்கிறது.

எரித்த மணியின் படமும் ஸ்கிரீன்ஷாட்டும் விற்பனைத் தளத்துக்கு அனுப்பியிருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை, வந்தால் இங்கேயே கீழே சேர்க்கிறேன்.